உலையில் நெருப்பு எரியும் வரை

வாகைப்பட்டி,
21-7-2025

அன்புத் தம்பி அருள்பாண்டிக்கு,

அக்கா முத்துத்தாய் எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரி தங்கப்பொண்ணும் சௌக்கியந்தானே? எனக்கு ஒன்றுமில்லை. உன் மச்சானுக்குத்தான் முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. மாத்திரையை முழுங்கிவிட்டு என்னை வைகிறார், நான்தான் அவர் காலை வீங்க வைத்த மாதிரி.

இந்தக் காலத்தில் எவள் கடுதாசி எழுதுவாள் என்று சிரிப்பாய். சிரி. போன் போட்டால் நீ ஷிப்டில் இருக்கிறாய், இல்லாவிட்டால் தூங்குகிறாய். தப்பித்தவறி எடுத்தாலும் "சரிக்கா, சரிக்கா, வைக்கவா" என்கிறாய். கடுதாசியை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. எட்டாம் வகுப்பு வரை படித்தது இதற்காவது ஆகட்டும்.

விசயத்துக்கு வருகிறேன். அப்பா நம் ரெண்டு பேர் பேரிலும் கூட்டுப்பட்டாவாக விட்டுப்போன நாலு ஏக்கரை சோலார் கம்பெனி குத்தகைக்குக் கேட்கிறது. நம்முடையதை மட்டுமில்லை, ஓடைக்கு மேற்கே பங்காளிகள் நிலம் அம்புட்டையும் கேட்கிறார்கள். நம்முடையது நட்டநடுவில் கிடக்கிறது. நாம் இல்லையென்றால் மற்றவர்கள் நிலம் ரெண்டு துண்டாகிவிடும், கம்பெனிக்கு ஆகாதாம். அதனால் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பெனி ஆள் பேர் சாய்பிரசாத். சிம்மக்கல்லிலிருந்து பைக்கில் வருகிற சௌராஷ்டிரப் பிள்ளை. போனில் அவன் அம்மாவிடம் அவர்கள் பாஷையில் கொஞ்சிவிட்டு, என்னிடம் திரும்பி "இருபத்தெட்டு வருசம்மா, வேலி போட்டுருவோம், நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்மா" என்கிறான். நிலம் கொடுக்கிற வீட்டில் ஒருத்தருக்கு வேலையாம்.

ஒன்றுமே பண்ண வேண்டாம் என்பதைக் கேட்க நல்லாத்தான் இருக்கிறது. போன வருசம் போட்ட கடலையைப் பன்றி கிண்டியது போக மீதியை மயில் தின்றது. மயில் தின்றது போக மீதியைப் பறிக்கக் கூலிக்கு ஆள் இல்லை. எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வெயிலில் கரண்டு எடுக்கிறவன் வந்தால், கரியில் கரண்டு எடுக்கிற உன் பிழைப்பு என்ன ஆகும்? இந்த ஊரில் பல்பு எரிந்தால் "கரண்டுக்காரன் போட்டுட்டான்" என்கிறார்கள், மினுக்கினால் "அருள்பாண்டி அசந்துட்டான்" என்கிறார்கள். அப்படிப்பட்டவன் சோத்தில் மண்ணைப் போடுகிற கம்பெனிக்கு நானே நிலத்தைக் கொடுக்கவா? உன் மனசில் உள்ளதை எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். கரித்தூளில் நிற்கும்போது மூக்கில் துணி கட்டு.

உன் அக்கா,
முத்துத்தாய்


மீஞ்சூர்,
9-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கும்பிடுகிறேன். நானும் தங்கப்பொண்ணும் இருக்கிறோம், குறையில்லை. மச்சானை நாகமலை புதுக்கோட்டையில் நல்ல டாக்டரிடம் காட்டு.

உன் கடிதத்தைக் கண்ட்ரோல் ரூமில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்தவன் "யாருண்ணே, லவ் லெட்டரா?" என்றான்.

இங்கே வேலை முன்னே மாதிரி இல்லை அக்கா. அப்போதெல்லாம் எங்கள் பாய்லர் ராவும் பகலும் ஒரே சூட்டில் நின்று எரியும். இப்போது காலை பத்து மணி தாண்டினால் "இறக்கு" என்று போன் வந்துவிடும். வெயில் ஏறிவிட்டது, சோலார் கரண்டு கொட்டுகிறது, உங்களுடையது இப்போது வேண்டாம் என்பார்கள். பாதிக்கும் கீழே இறக்குவோம். அதற்கும் கீழே போனால் நெருப்பே அணைந்துவிடும், எண்ணெய் விட்டு அதைத் தக்கவைப்போம். சாயங்காலம் வெயில் சாய்ந்து, ஊரெல்லாம் விளக்கும் ஏசியும் போடுகிற நேரத்தில் "ஏத்து, ஏத்து" என்பார்கள். தினமும் ஆறிச் சூடாகி, சூடாகி ஆறி, குழாய்கள் வெடிப்பு விடுகின்றன. எங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

அதற்காக சோலார்க்காரனைத் திட்டாதே. அவன் மேல் தப்பில்லை. நாட்டில் நிறுவியிருக்கிற மின்திறனில் பாதி இப்போது கரி, எரிவாயு இல்லாதது என்று போன மாதம் பேப்பரில் வந்திருந்தது. பாதி என்றதும் பாதிக் கரண்டு என்று நினைத்துவிடாதே. வெயிலும் காற்றும் இருக்கிற நேரத்துக்குத்தான் அந்தக் கணக்கு. ஓடுகிற கரண்டில் முக்கால்வாசி இன்னும் கரிதான். எங்களை அம்புட்டுச் சீக்கிரம் தள்ளிவிட முடியாது.

நிலத்தைக் கொடுத்துவிடலாம் அக்கா. நான் கையெழுத்துப் போடுகிறேன். உன் இடுப்பை நினைத்துப் பார். ஆமாம், வீட்டுக்கு ஒரு வேலை என்றாயே, அது என்ன வேலை? கேட்டு எழுது.

கண்ணெல்லாம் எரிகிறது, இத்தோடு முடிக்கிறேன். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி,
அருள்பாண்டி


வாகைப்பட்டி,
2-9-2025

அன்புத் தம்பிக்கு,

கடுதாசி வந்தது. மச்சானுக்கு ஊசி போட்டு வீக்கம் வடிந்திருக்கிறது, வசவு வடியவில்லை. தங்கப்பொண்ணு எப்படி இருக்கிறாள்? அவளையும் ரெண்டு வரி எழுதச் சொல்.

நீ சொன்னதை ரெண்டு தடவை படித்தேன். "கொடுத்துவிடலாம்" என்று இம்புட்டுச் சுளுவாக எழுதிவிட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயசிலேயே தட்டில் கறி இருந்தால் "எனக்குப் பிடிக்காதுக்கா" என்று என் பக்கம் தள்ளுகிற ஆள். இப்போதும் என் இடுப்புக்காக உன் பிழைப்பைத் தள்ளுகிறாய். அது எனக்கு வேண்டாம்டா.

சாய்பிரசாத்திடம் வேலையைப் பற்றிக் கேட்டேன். கண்ணாடிப் பலகையைத் தண்ணீர் பீச்சித் துடைக்க வேண்டும், புல் வெட்ட வேண்டும், காவல் பார்க்க வேண்டும். "படிச்சிருந்தா மிசின் ரூம்ல போடுவோம்மா" என்றான். "எங்க வீட்டுல படிச்சவன் பெரிய பிளாண்ட்ல இருக்கான், உன் கண்ணாடியத் துடைக்கவா வருவான்?" என்றேன். பாவம், முகம் சுருங்கிப்போச்சு. மோர் கொடுத்து அனுப்பினேன்.

செக்கானூரணி சந்தையில் ஒருத்தன் சொன்னான், பழைய கரி யூனிட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக மூடுகிறார்களாம். உன்னுடையதும் பழசுதானே? மூடப்போகிறார்களா? வளைக்காமல் பதில் எழுது. அது தெரியாமல் நான் எதிலும் கைநாட்டோ கையெழுத்தோ வைக்க மாட்டேன்.

தீபாவளிக்கு வருவாயா, அதையும் எழுது.

அக்கா,
முத்துத்தாய்


மீஞ்சூர்,
24-11-2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இம்புட்டு நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. தீபாவளிக்கு வர முடியவில்லை. எனக்கும் தங்கப்பொண்ணுக்கும் மாற்றி மாற்றிச் சளி, இப்போது தேவலை. அங்கே மழை எப்படி?

இனிமேல் கடிதத்தை இந்த வீட்டு விலாசத்துக்கே போடு. பிளாண்டுக்குப் போட வேண்டாம். அங்கே கடிதம் சரியாகக் கைக்கு வருவதில்லை.

டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். இந்த வருசம் முதல் ஆறு மாதத்தில், உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால், வெயில், காற்று, தண்ணீர் இதெல்லாம் போட்ட கரண்டு கரிக் கரண்டைத் தாண்டிவிட்டதாம். இதுதான் முதல் தடவையாம். படித்துவிட்டு டீ ஆறும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நல்ல செய்திதான், யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

ஒரு உதவி. இங்கே கண்ணுச்சாமி என்று ஒரு சிநேகிதன். நம் வயசுதான், ஐம்பதை நெருங்குகிறான். பாய்லரில் ரொம்ப வருசம் இருந்தவன். அவனுக்கு அந்த சோலார் கம்பெனியில் வேலை கிடைக்குமா? மிசின் ரூம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, துடைக்கிற வேலை என்றாலும் செய்வான். ஐம்பது வயசுக்காரனை எடுப்பார்களா என்று அந்தப் பையனிடம் கேட்டுச் சொல்.

நிலத்தைக் கொடுக்கச் சொல்லித்தான் இப்போதும் சொல்கிறேன். நீ கேட்டதற்கெல்லாம் நேரில் பேசுவோம்.

தம்பி,
அருள்பாண்டி


வாகைப்பட்டி,
8-12-2025

தம்பிக்கு,

சளி விட்டதா? மிளகைத் தட்டிப் போட்டுக் குடி. இங்கே மழை பெய்தது, பெய்து என்ன, விதைக்கிற நேரத்தில் பெய்யாமல் இப்போது பெய்கிறது.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது வேறு. மூடுகிறார்களா என்று கேட்டால் உலகத்துக் கரண்டைப் பற்றி எழுதுகிறாய். உலகத்தையாடா கேட்டேன்?

உன் சிநேகிதன் கண்ணுச்சாமிக்காக சாய்பிரசாத்திடம் பேசினேன். "வயசு பிரச்சனையில்லம்மா, ஆனா நிலம் குடுத்த குடும்பத்து ஆளுக்குத்தான் வேலை, வெளியாளுக்கு முடியாது" என்றான். வெளியாளுக்காக நீ ஏன் இம்புட்டு மெனக்கெடுகிறாய்? அவனுக்கு அக்கா தங்கச்சி இல்லையா, அவர்கள் பார்க்க மாட்டார்களா?

பங்காளிகள் வேறு நெருக்குகிறார்கள். முத்திருளன் பெரியப்பா நேற்று வாசலில் நின்று, "ஏத்தா, நீ குடுக்கிறியா இல்லையா? எங்களையும் ஏன் தொங்கல்ல விடுற?" என்று கேட்டுவிட்டார். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் எல்லாரும் கூடும்போது சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ கட்டாயம் வர வேண்டும். இப்போதே லீவு சொல்லி வை.

அக்கா,
முத்துத்தாய்


மீஞ்சூர்,
5-1-2026

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மச்சான் நடக்கிறார் என்று கேள்விப்பட்டு சந்தோசம். தங்கப்பொண்ணு உங்களை ரொம்பக் கேட்டாள்.

மார்கழி ஆகிவிட்டதால் இந்த மாதம் வேலை இல்லை. வீட்டில்தான் இருக்கிறேன். தை பிறந்ததும் ஓட்டம் ஆரம்பித்துவிடும். மாசியிலும் வேலை இருக்கும் என்பதால் சிவராத்திரிக்கு வருவது சிரமம். என்னை எதிர்பார்க்காதே. நான் வராவிட்டாலும் பரவாயில்லை, பெரியப்பாவிடம் சம்மதம் என்று சொல்லிவிடு.

கொடுத்துவிடு அக்கா. இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி,
அருள்பாண்டி


வாகைப்பட்டி,
12-1-2026

தம்பிக்கு,

கரண்டுக்கு ஏதுடா மார்கழி? மார்கழி மாதம் பல்பு எரியாதா, மோட்டார் ஓடாதா? உன் மச்சானிடம் படித்துக் காட்டினேன். "மாப்ள தூக்கக் கலக்கத்துல எழுதிருப்பாப்ள" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. ஒரு வரி எழுது, பொங்கல் முடிந்த கையோடு எழுது.

அக்கா


வாகைப்பட்டி,
19-2-2026

அன்புத் தம்பிக்கு,

பொங்கலும் போச்சு, சிவராத்திரியும் போச்சு. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் போட்டால் தங்கப்பொண்ணு எடுத்து "வேலைக்குப் போயிருக்காக மதினி" என்று வைத்துவிடுகிறாள். நீங்கள் நல்லா இருந்தால் சரி.

கோயிலில் நடந்ததை நீ வேறு ஆள் வாயால் கேட்கக் கூடாது, நானே எழுதுகிறேன்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலை, பொங்கல் வைத்து இறக்கிய பிறகு பங்காளிகள் எல்லாரும் ஆலமரத்தடியில் உட்கார்ந்தார்கள். சாய்பிரசாத்தும் வந்து ஓரமாக நின்றான். பெரியப்பா என்னைக் கேட்டார். நான், "எந்தம்பி வரல, அவன் முகத்தைப் பாக்காம முடிவு சொல்ல மாட்டேன்" என்றேன். அம்புட்டுத்தான். ஆளாளுக்கு எகிறினார்கள். "தம்பி சம்மதம்னு எழுதிட்டான்னு உம் புருசனே சொன்னாரு. நீதான் தனியா கூட ரேட்டுக்குப் பேரம் பேசுற" என்று ஒருத்தன் சொன்னான். உன் மச்சானுக்கு வாயில் பூட்டு இருந்தால் எனக்கு இந்தக் கதி வருமா?

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் பேரம் பேசுகிறவளா? நேராகச் சாமி முன்னால் போனேன். தட்டில் சூடத்தை ஏற்றினேன். "கேட்டுக்கங்க எல்லாரும். எந்தம்பி உலையில நெருப்பு எரியிற வரைக்கும் எங்க மண்ணுல கண்ணாடி படுக்காது. அவன் பிழைப்பக் கெடுத்து வர்ற காசு எனக்கு வேணாம். இது சாமி மேல சத்தியம்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன்.

பொம்பளை சூடம் அடிக்கலாமா என்று ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் அடித்தது அடித்ததுதான். அதற்குப் பிறகு ஒருத்தரும் பேசவில்லை. இப்போது தெருவிலும் பேசுவதில்லை. என்னால் அவர்கள் எல்லாருக்கும் நட்டம், எனக்குத் தெரியாமல் இல்லை. குடத்தோடு குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. போகட்டும்.

நீ தியாகி ஆக வேண்டாம். உன் உலையில் நீ நிம்மதியாக நெருப்பைப் போடு. கை கொஞ்சம் கொப்புளித்திருக்கிறது, அதனால்தான் எழுத்துக் கோணல்.

அக்கா,
முத்துத்தாய்


மீஞ்சூர்,
8-3-2026

மதினிக்குத் தங்கப்பொண்ணு வணக்கத்துடன் எழுதுவது.

அண்ணன் சௌக்கியமா? உங்கள் கைப்புண்ணுக்கு மருந்து போடுகிறீர்களா? உங்கள் கடிதத்தை அவர் படித்துவிட்டுக் கீழே வைக்கவே இல்லை. அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் எடுத்துப் படித்தேன். இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

மதினி, அந்த உலை அணைந்து மாதக்கணக்காகிறது. தீபாவளி முடிந்த மறுவாரம் பழைய யூனிட்டை நிறுத்திவிட்டார்கள். நிரந்தர ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். இவர் மாதிரி ஒப்பந்தத்தில் இருந்தவர்களைக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஒரு கல்யாண மண்டபத்தில் டீசல் ஜெனரேட்டர் பார்க்கிறார். முகூர்த்த நாளில் மட்டும்தான் வேலை. அதனால்தான் மார்கழியில் வீட்டில் இருந்தார். மைக்செட்டுக்கும் சமையல்கட்டு விளக்குக்கும் கரண்டு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வருவார்.

கண்ணுச்சாமி என்று சிநேகிதன் யாரும் இல்லை. தனக்குத்தான் வேலை கேட்டார். உங்களிடம் சொல்லுங்கள் என்று நான் எத்தனையோ தடவை கெஞ்சினேன். "ஊருல என்னைய கரண்டுக்காரன்னு சொல்றாங்க தங்கம். அணைச்சுட்டு வந்துட்டான்னு சொல்ல வைக்கவா?" என்று கேட்டார்.

நீங்கள் அவருக்காகத்தான் சத்தியம் செய்தீர்கள். அவரும் உங்களை நம்பித்தான் இருந்தார். ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அலுத்துப்போச்சு.

தங்கப்பொண்ணு


வாகைப்பட்டி,
14-3-2026

அருளு,

சௌக்கியமா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. சௌக்கியம் என்று நீ பொய் எழுதுவாய்.

யார் சொன்னார்கள் என்று ஆராயாதே, எனக்குத் தெரியும். முதலில் உன்மேல் வந்த கோபத்தில் சோற்றுப் பானையைப் போட்டு உடைத்தேன். பிறகு என்மேல் வந்தது. அந்தக் கண்ணுச்சாமி கதையை ஒரு எருமைகூடப் புரிந்துகொண்டிருக்கும். "வெளியாளுக்கு ஏன் மெனக்கெடுகிறாய்" என்று எழுதினேனே, என் கையை அப்போதே சுட்டிருக்க வேண்டும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நான் சத்தியம் பண்ணியது உன் உலையில் நெருப்பு எரிகிற வரைக்கும்தான். எரியவில்லை என்றால் சத்தியம் முடிந்துபோச்சு. இதை முத்திருளன் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர், "சரித்தா. ஆனா எரியலன்னு நீ சொன்னா எப்பிடி? காசுக்காகச் சத்தியத்த வளைக்கிறாள்னுதான் பேசுவானுக. அணைஞ்சுபோச்சுன்னு அவனே வந்து சாமி முன்னால சொல்லணும்" என்றார். பங்காளிகளும் அதையே சொல்கிறார்கள். சாய்பிரசாத் சித்திரைக் கடைசி வரை பொறுப்பான், அதற்குப் பிறகு கம்பெனி ஓடைக்குக் கிழக்கே போய்விடும்.

இனி உன் கையில் இருக்கிறது. உனக்கு எம்புட்டுக் கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வராவிட்டால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நாலு ஏக்கரையும் மயிலுக்கு விட்டுவிடுவோம். ஆனால் எனக்கு மட்டுமாவது உண்மையை எழுது. உன் கையால் எழுது.

அக்கா


மீஞ்சூர்,
6-4-2026

அக்கா,

உலை அணைந்துவிட்டது.

இந்த ஒரு வரியை எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. மற்றதெல்லாம் சுளுவாக வரும் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குப் பகல் ஷிப்ட் என்னுடையது. வழக்கம்போல் "இறக்கு" என்றார்கள், இறக்கினேன். பிறகு "நிறுத்து" என்றார்கள். பர்னர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பார்க்கிற துவாரம் ஒன்று உண்டு, நீலக் கண்ணாடி வைத்து உள்ளே நெருப்பைப் பார்ப்போம். இருபத்தாறு வருசமாகப் பார்த்த நெருப்பு. கடைசியாகக் குனிந்து பார்த்தேன், இருட்டாக இருந்தது. பெரிய அதிகாரி ஒருத்தர் சால்வை போட்டார். சால்வையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் நின்றேன்.

யார்மேலும் கோபம் இல்லை அக்கா. அது வயசான யூனிட், புகையும் சாம்பலும் கக்கிக்கொண்டு இருந்தது. மூட வேண்டியதுதான். ஆனால் மூட வேண்டியதுதான் என்று தெரிவதால் வலிக்காமல் இல்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீ நிலத்தை விற்றாவது எனக்கு ஒரு வழி பண்ணுவாய் என்று பயந்தேன். நீயாகக் கொடுத்து, நானாக வந்து வேலையில் சேர்ந்தமாதிரி ஆகட்டும் என்று பார்த்தேன். நான் கௌரவத்தைப் பார்த்தேன், நீ அதற்குக் கையைப் பொசுக்கிக்கொண்டாய். உன் கடிதத்தைப் படித்த அன்று மண்டபத்துக்குப் போகவில்லை. யார் வீட்டுக் கல்யாணமோ, கரண்டு போயிருந்தால் என்னை வைதிருப்பார்கள்.

வாரேன். சித்திரை முதல் வாரத்தில் வாரேன். பெரியப்பாவிடம் சொல்லிவை. கேட்கிறவர்கள் கேட்கட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மச்சானுக்கு என் வணக்கம்.

அருள்பாண்டி


வாகைப்பட்டி,
24-4-2026

தங்கப்பொண்ணுக்கு மதினி முத்துத்தாய் எழுதுவது.

உடம்புக்கு எப்படி இருக்கிறது? தனியாக இருக்கிறோமே என்று வயிற்றைக் காயப்போடாதே. அவன் போனில் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பான், மீதியை நான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். இவன் சாமியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நின்றான். நாலு தடவை தொண்டையைச் செருமினான். பிறகு, "எங்க பாய்லர் ஐப்பசியிலயே அணைஞ்சுபோச்சு. எனக்கு வேலை போச்சு. எங்கக்கா தெரியாம சத்தியம் பண்ணிருச்சு. அது மேல யாரும் கோவப்படாதீங்க" என்றான். இந்த வயசில் தலைகுனிந்து நின்றவனைப் பார்க்க முடியாமல் நான் தூண் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிரிப்பார்கள் என்றுதான் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முத்திருளன் பெரியப்பா எழுந்து வந்தார். "இம்புட்டு நாளா ஒத்தையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சியா? நாங்கல்லாம் செத்தா போனோம்?" என்று கேட்டு இவன் தோளில் கையைப் போட்டார். பிறகு எல்லாரையும் பார்த்து, "சத்தியம் முடிஞ்சுபோச்சு. எந்திரிங்கப்பா, சாப்பிடப் போவோம்" என்றார். அம்புட்டுத்தான் தீர்ப்பு. இரண்டு நாள் கழித்து நானும் இவனும் கையெழுத்துப் போட்டோம். எனக்குச் சந்தோசமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. இடுப்பில் இருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது.

நேற்று சாய்பிரசாத் இவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, ஏற்கெனவே ஓடுகிற அவர்கள் இடத்தைக் காட்டக் கூட்டிப்போனான். முதல் ஆறு மாதம் துடைக்கிற வேலை, பிறகு மிசின் ரூம் என்று சொல்லியிருக்கிறான். சாயங்காலம் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். எப்படிடா இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குக்கா. கரி இல்ல, புகை இல்ல. வேலையும் சுளுவுதான்" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆனா சத்தமே இல்லக்கா. அம்புட்டுக் கரண்டு போகுது, ஒரு சத்தமும் இல்ல. எங்க பாய்லர் இருந்தா பக்கத்து ஆளுகிட்டக் கத்தித்தான் பேசணும். இங்க நான் மூச்சு விடுறது எனக்கே கேக்குது" என்றான். சொல்லிவிட்டு அழுதுவிட்டான் தங்கப்பொண்ணு. அப்பா செத்தபோதுகூட இவன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நானும் அழுதேன். உன் அண்ணனும் வாசலுக்கு வந்து நின்றார், அவர் வையாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

நீ வீட்டைக் காலி செய்துவிட்டு வா. எங்கே தங்குவது என்று யோசிக்காதே, பின்கட்டு அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். அவன் ரெண்டே சட்டையோடு வந்திருக்கிறான். வரும்போது மீதிச் சட்டைகளை எடுத்துக்கொண்டு வா, வெயிலில் நிற்கிற வேலை என்பதால் முழுக்கையாகப் பார்த்து எடு.

உன் மதினி,
முத்துத்தாய்